ஸ்நோமொபைல் ட்ராக்குக்கு ஆணி அடிக்கலாமா?

நவம்பர் பிறந்தால் எங்கள் கூட்டத்தில் இந்தப் பேச்சுத் தொடங்கிவிடும். கராஜில் துணி போர்த்திக் கிடந்த, பனியில் ஓடும் ஸ்நோமொபைல் வண்டிகளை வெளியே எடுத்து, பற்றரியைப் பார்த்து, பெல்ற்றைப் பார்த்து முடிப்பதற்குள் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "இந்த முறை ட்ராக்குக்கு ஆணி அடிக்கிறதோ, இல்லையோ?" ட்ராக் என்பது வண்டிக்கு அடியில் சுற்றி அதை ஓட்டுகிற ரப்பர் பட்டை; ஐஸைக் குத்திப் பிடிக்க அதில் பூட்டுகிற உலோக முனைகளைத்தான் ஆணி என்கிறோம். அந்தக் கேள்வியோடு ஊற்றிய தேத்தண்ணி ஆறிப்போகும். என் அத்தான் ஆணிக் கட்சி. ஆணி இல்லாமல் ஏரிக்குள் இறங்குகிறவனுக்கு விசர் என்பார். வேலையிடத்தில் எனக்கொரு நண்பர் இருக்கிறார்; வடக்கே சட்பரிப் பக்கம் பிறந்து வளர்ந்தவர், நடக்கப் பழகிய காலத்திலிருந்தே ஸ்நோமொபைலில் இருப்பவர். அவர் நேர் எதிர்க் கட்சி. நல்ல ட்ராக்கில் ஓட்டை போடுவதைப் பார்த்தாலே அவருக்கு நெஞ்சு வலிக்கும். இருவரும் என்னைவிட அனுபவசாலிகள். இருவருடைய பேச்சும் கேட்கும்போது சரியாகத்தான் பட்டது. அதனாலேயே பல வருடமாக எனக்கு இது தீராத கேள்வியாக இருந்தது. இப்போது ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். எனக்கு இந்த முடிவைச் சொன்னது இருவருமே பேசாத ஒரு விஷயம்.

முதலில், இருவரும் ஏன் சரி என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்த வண்டி பிறந்ததே இளகிய பனிக்காக. கியூபெக்கின் வல்கூர் ஊரில் ஜோசப்-அர்மான் பொம்பார்டியே 1959இல் ஸ்கீ-டூவை விற்கத் தொடங்கியபோது, இடுப்பளவு பனியில் புதையாமல் ஓரிருவர் போய்வர ஒரு சின்ன வண்டி என்பதே நோக்கம். அதைச் சாத்தியமாக்கியது, அவருடைய மூத்த மகன் ஜெர்மேன் உருவாக்கிய, உள்ளே உருக்குக் கம்பிகள் வைத்த, தொடர் ரப்பர் ட்ராக். அகலமான ரப்பர் பட்டை எடையைப் பரப்பித் தாங்கும். அதிலுள்ள ரப்பர் பற்கள் பனியைத் துடுப்பு வலிப்பதுபோல் பின்னுக்குத் தள்ளும். அங்கே ஆணிக்கு ஒரு வேலையும் இல்லை. பஞ்சுபோன்ற பனிக்குள் ஆணி குத்திப் பிடிக்க என்ன இருக்கிறது? என் நண்பர் வடக்கே ஓடுவது இன்றைக்கும் அந்தப் பனியில்தான். அவர் சொல்வது அவருடைய இடத்துக்கு முழு உண்மை.

ஆனால் ரொறன்ரோவிலிருந்து ஒன்றிரண்டு மணித்தியாலம் போய் ஓடுகிற எங்களுக்குக் கிடைப்பது வேறு பனி. ஜனவரி நடுவில் மழை பெய்யும். அன்றிரவே வெப்பம் பூச்சியத்துக்குக் கீழே பதினைந்து, இருபது என்று விழும். காலையில், ஸ்நோமொபைல் ஓடுகிற பாதையான ட்ரெயில் முழுக்கக் கண்ணாடி. வளைவுகளில், முன்னே போன வண்டிகள் பிரேக் பிடித்துப் பிடித்துப் பனியைச் சுரண்டிய இடங்களில், அடியிலுள்ள கட்டிப் பனி பளபளவென்று தெரியும். சிம்கோ ஏரி இன்னும் மோசம். காற்று மேலேயுள்ள பனியை வழித்துக்கொண்டு போய்விடும், கறுத்த வெறும் ஐஸ் மைல் கணக்கில் விரிந்து கிடக்கும். அந்த இடத்தில் ரப்பர் பற்களால் எதையும் பிடிக்க முடியாது. அத்தான் சொல்வதும் அவருடைய இடத்துக்கு உண்மை.

பிரச்சினை என்னவென்றால், ஆணி பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் வண்டி எப்படிப் பாய்ந்து புறப்படும் என்பதைத்தான் பேசுகிறார்கள். இத்தனை குதிரைச்சக்திக்கு இத்தனை ஆணி என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். புறப்படும்போது ட்ராக் வீணே சுற்றினால் என்ன, ஐந்து விநாடி பிந்திப் போவோம். அதனால் யாருக்கும் காயம் வராது. நான் கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல.

பிரேக் எங்கே இருக்கிறது

காரில் நாலு சக்கரத்துக்கும் பிரேக் உண்டு. ஸ்நோமொபைலில் சக்கரத்துக்குப் பதிலாக முன்னாலுள்ள இரண்டு ஸ்கீக்கும் பிரேக் கிடையாது. கைப்பிடியை அழுத்தினால் எஞ்சின் பக்கத்திலுள்ள ஒரு தட்டை அது கவ்வும். தட்டு நின்றால் ட்ராக் நிற்கும். அவ்வளவுதான். வண்டியை நிறுத்துகிற முழு வேலையும் அந்த ஒரு ரப்பர் பட்டையின் தலையில். நல்ல பனியில் இது அருமையாக வேலை செய்யும். வெறும் ஐஸில் பிரேக்கை இறுக்கினால் ட்ராக் உடனே நின்றுவிடும், வண்டி நிற்காது. இருநூற்றைம்பது கிலோவுக்குக் குறையாத ஒரு வண்டி, மேலே ஆளோடும் சாமான்களோடும், சறுக்குப் பலகையாகிவிடும். அதிலும் ட்ராக் சுற்றாமல் சறுக்கும்போது பின்பக்கம் நேராக வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமல் போகிறது. தன் பாட்டுக்குப் பக்கவாட்டில் வரும்.

இதையெல்லாம் ஆரம்பத்திலிருந்தே புத்தக அறிவாகத் தெரிந்து வைத்திருந்தேன். அதன் முழு அர்த்தம் எனக்குப் பிடிபட்டது சிம்கோ ஏரியின் தெற்கு முனையிலுள்ள குக்ஸ் பேயில்.

பேர்ச் மீன் பிடிக்கப் போயிருந்தோம். அத்தான் முன்னால், அடுத்து நான், எனக்குப் பின்னால் என் மனைவி. அத்தானின் ட்ராக்கில் 120 ஆணி. எங்கள் இரண்டு வண்டியிலும் ஒன்றும் இல்லை. வேகம் அதிகமில்லை, மணிக்கு நாற்பது கிலோமீட்டர் அளவில் இருக்கும். நாங்கள் ட்ரெயிலில் எப்போதும் விடுகிற இடைவெளியையே விட்டிருந்தேன். கரையை விட்டு நன்றாக உள்ளே வந்த பிறகு அத்தான் இடது கையை நேராக மேலே தூக்கினார். நிறுத்து என்று அர்த்தம். முன்னால் ஓர் அழுத்தப் பிளவு. ஐஸ் விரிந்து சுருங்கும்போது ஏரிக்குக் குறுக்கே வெடித்து மேடு தட்டி நிற்குமே, அது. அதன் ஓரத்தில் தண்ணீர் கசிந்து கறுப்பாகத் தெரிந்தது.

அத்தானின் வண்டி, கோடு கிழித்ததுபோல் நேராகப் போய் நின்றது. நான் பிரேக்கைப் பிடித்தேன். ட்ராக் நின்றதைக் காலடியில் உணர்ந்தேன். அந்த 'கரகர' அதிர்வு சட்டென்று அடங்கி, வண்டி வழுவழுவென்று போகத் தொடங்கியது. வேகம் குறைந்ததாகவே தெரியவில்லை. பின்பக்கம் வலப்புறமாக எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. அத்தானின் பின் பம்பர் என் மூக்குக்கு நேரே வந்துகொண்டிருந்தது. பிரேக்கை விட்டேன், ட்ராக் மறுபடி உருண்டது, ஸ்கீயின் அடியிலுள்ள கார்பைட் என்ற கடினமான விளிம்பு ஐஸைக் கொஞ்சம் கடித்தது, அவரை ஒதுக்கிக்கொண்டு வலப்பக்கமாகப் போய், அவரையும் தாண்டி, பிளவுக்கு முன்னால் நின்றேன். மனைவி எப்போதும் மிகப் பின்னால்தான் வருவாள். அவள் வேகம் கொடுக்கிற திரொட்டிலை விட்டு, உருண்டே வந்து, எங்களுக்கு வெகு தூரத்தில் நின்றுகொண்டாள்.

இறங்கி நடந்துபோய்ப் பார்த்தேன். அத்தானின் வண்டி நின்ற இடத்துக்குப் பின்னால் ஐஸில் பக்கத்தில் பக்கத்தில் வெள்ளைக் கீறல்கள், ஒவ்வோர் ஆணிக்கும் தனித்தனிக் கோடு, கோட்டின் முடிவில் சின்னச் சின்ன ஐஸ் பொடிக் குவியல். தொட்டால் நகக்கண்ணில் ஏறும் அளவுக்கு ஆழம். என் வண்டி வந்த வழியில் ஸ்கீ கீறிய இரண்டு கோடுகள் மட்டும். நடுவில் ட்ராக் போன இடத்தில், குனிந்து வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால்தான் தெரியக்கூடிய ஒரு மங்கல்.

"பார்த்தியே தம்பி, ஆணி இருந்திருந்தால் உனக்கு இந்தப் பாடு வந்திருக்குமோ?" என்றார் அத்தான்.

அவர் கேட்டது நியாயம். ஆனால் அந்த நிமிடம் எனக்குத் தோன்றியது வேறு. அவரிடம் ஆணி இல்லாமல் இருந்திருந்தாலும் இது நடந்திருக்காது. அவரும் பிளவைத் தூரத்திலேயே பார்த்து, மெதுவாக வேகம் தேய்ந்து நின்றிருப்பார்; நானும் அவரோடு சேர்ந்து வேகம் தேய்ந்து நின்றிருப்பேன். அவரால் டக்கென்று நிற்க முடிந்தது, எனக்கு முடியவில்லை என்ற அந்த வித்தியாசம்தான் ஆபத்து. ஆணி அடிப்பதா வேண்டாமா என்பதை ஒவ்வொருவரும் தன் வண்டிக்கு மட்டும் உரிய கேள்வியாக நினைக்கிறோம். கூட்டமாக ஓடும்போது அது அப்படி இல்லை. என் முன்னால் போகிறவரின் ஆணி, என் வண்டியின் நிற்கும் தூரத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது.

அன்று பின்னேரம் திரும்பும்போது வரிசையை மாற்றினோம். ஆணி இல்லாத நான் முன்னால், மனைவி நடுவில், அத்தான் கடைசி. நன்றாக நிற்கக்கூடியவர் பின்னால் இருக்க வேண்டும். நிற்க முடியாதவர் முன்னால் இருந்து, தனக்கு எவ்வளவு தூரம் வேண்டும் என்று பார்த்துக்கொண்டு போக வேண்டும். இதை எழுதிப் பார்த்தால் வெளிப்படையான விஷயமாகத் தெரிகிறது. ஆனால் நாங்கள் அதுவரை அனுபவசாலிதான் முன்னால் என்றே ஓடிக்கொண்டிருந்தோம். நான் பார்த்த பெரும்பாலான கூட்டங்களும் அப்படித்தான்.

முன்னால் கடிக்காவிட்டால்

சரி, எல்லாரும் ஆணி அடித்துவிட்டால் தீர்ந்ததுதானே என்று கேட்கலாம். தீராது. ட்ராக்கில் ஆணி அடித்தால் பின்பக்கம் பிடிக்கும். வண்டியைத் திருப்புவது முன்பக்கம். ஸ்கீயின் அடியில் நீளமாக ஓர் இரும்புக் கம்பி இருக்கும். அதன் நடுப்பகுதியில் கார்பைட் துண்டு பதித்திருக்கும், 4 அங்குலம், 6 அங்குலம், 8 அங்குலம் என்று. ஐஸைக் கடித்து வண்டியைத் திருப்புவது அந்தக் கார்பைட்டின் விளிம்பு. பின்னால் நூற்றுக்கும் மேற்பட்ட ஆணிகள் தள்ளிக்கொண்டிருக்க, முன்னால் மழுங்கிய கார்பைட் வழுக்கினால் என்ன நடக்கும்? கைப்பிடியை முழுக்கத் திருப்பியிருப்பீர்கள், வண்டி நேராகவே போகும். ட்ரெயிலில் வளைவுக்கு நேரே பெரும்பாலும் மரம்தான் இருக்கிறது.

தெரிந்த பையன் ஒருவன் பழைய வண்டி வாங்கி, ஆர்வத்தில் முதல் வேலையாக ஆணி அடித்தான். ஹாலிபர்ட்டன் பக்கம் ஒரு காட்டு வளைவில் அவனுடைய வண்டி திரும்பாமல் புதருக்குள் போனது. பனி ஆழமாக இருந்ததால் ஆளுக்கும் வண்டிக்கும் ஒன்றுமில்லை. வண்டியைச் சரித்து ஸ்கீயின் அடியைத் தடவிப் பார்த்தேன். கார்பைட் இருக்க வேண்டிய இடத்தில் விரல் சும்மா வழுக்கிக்கொண்டு போனது. விளிம்பு என்று ஒன்றே இல்லை. நல்ல கார்பைட்டில் விரலை அப்படி இழுக்க முடியாது, தோல் மாட்டும். ஆணிக்குச் செலவு செய்தவன் அதற்குப் பக்கத்திலேயே கடையில் தொங்கிய கார்பைட்டை வாங்கவில்லை. ஆணி எண்ணிக்கை 96 என்றால் ஒரு அளவு, 120, 144 என்று ஏற ஏற முன்னாலும் நீளமான கார்பைட் வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் போட வேண்டும். அதற்காக முன்னால் அளவுக்கு மீறிப் போட்டாலும் கைப்பிடி கனத்துத் தோள் கழன்றுவிடும், முன்னே போனவர்கள் கீறிய தடத்துக்குள் ஸ்கீ இழுபடும். ஆணி பற்றிக் கேட்கிற எல்லாருக்கும் நான் இப்போது சொல்வது: முதலில் உங்கள் ஸ்கீயின் அடியைத் தடவிப் பாருங்கள். பாதிப் பேருடைய பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

இன்னொன்றையும் இடையில் சொல்ல வேண்டும். வெறும் ஐஸில் ஓடும்போது வழுக்கலைப் போலவே சூடும் பெரிய ஆபத்து. எஞ்சினைக் குளிராக்குவதும், ட்ராக்கின் உட்பக்கம் உரசுகிற பிளாஸ்ரிக் பட்டைகளை ஈரமாக வைத்திருப்பதும் ட்ராக் அள்ளி வீசுகிற பனிதான். பனி இல்லாவிட்டால் அந்தப் பட்டைகள் உருகும், எஞ்சின் கொதிக்கும். ஆணி கொஞ்சம் ஐஸ் பொடியைக் கிளப்பும்; அதை நம்பிக்கொண்டு ஓட முடியாது. ஸ்கீக்குப் பின்னால் ஐஸைச் சுரண்டிக்கொண்டே வருகிற சுரண்டிக் கம்பிகள் விற்கிறார்கள். ஏரியில் ஓடுகிறவர்களுக்கு ஆணிக்கு முன்னால் அதை வாங்கிக் கொடுப்பேன்.

யாருடைய வண்டிக்கு

கடைசியில் ஆணி அடித்தது என் மனைவியின் வண்டிக்கு. என்னுடையதற்கு இல்லை. சொன்னபோது அவளே ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்கு ஏன்? வேகமா ஓடுறது நீங்களும் அத்தானும்தானே?" என்றாள். எல்லாரும் கேட்கிற கேள்வி அது. ஆணி வேகக்காரர்களுக்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் பிரேக் இறுகினால் பின்பக்கம் வெட்டும், உடனே பிரேக்கை விட்டு ட்ராக்கை உருளவிட வேண்டும் என்பது பழக்கத்தில் வருவது. பழகாத கைக்கு, பயத்தில் வருகிற முதல் அசைவு பிரேக்கை இன்னும் இறுக்குவது. அது இயற்கை. அந்த அசைவுக்கு வண்டி நேராக நின்று பதில் சொல்ல வேண்டும். குறைந்த வேகத்தில், கவனமாக ஓடுகிற, வருடத்துக்குச் சில நாட்களே வண்டியில் ஏறுகிற ஒருவருக்குத்தான் ஆணியால் அதிக நன்மை என்பது என் எண்ணம். வேகமாக ஓடுகிறவருக்கு ஆணி கொடுத்தால் அவர் இன்னும் வேகமாக ஓடுவார். ஒன்ராறியோ ட்ரெயில்களில் சட்டப்படி மணிக்கு 50 கிலோமீட்டர்தான் என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று ஏதாவதொரு சனிக்கிழமை ஓரமாக நின்று பார்த்தால் தெரியும்.

அவளுடைய ட்ராக் ஆணிக்கு ஏற்றது: இரண்டு அடுக்கு ரப்பர், பல்லின் உயரம் ஒன்றேகால் அங்குலம். என்னுடையது வடக்கே ஆழப் பனியில் ஓடுவதற்கான உயரப் பல் ட்ராக், ஒற்றை அடுக்கு. அப்படிப்பட்ட மெல்லிய ட்ராக்கில் ஆணி அடிக்க வேண்டாம் என்று செய்கிறவர்களே சொல்கிறார்கள். ஆணி பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் வந்தார், இருவரும் சேர்ந்து செய்தோம். அச்சுத் தகட்டை ட்ராக்கின் மேல் பற்களுக்கு நடுவில் வைத்துக் குறி போட வேண்டும். அருகருகே உள்ள ஆணிகள் ஒரே கோட்டில் வரக் கூடாது. ஒன்று கீறிய பள்ளத்திலேயே அடுத்ததும் ஓடினால் அதற்குப் பிடி கிடைக்காது. துளை போடும் குழாய் ரப்பரை வெட்டிக்கொண்டு போகும்போது கறுப்பு வட்டங்கள் ஒவ்வொன்றாகத் தரையில் விழும், அவற்றுள் வெள்ளை நூல் தெரியும். ஒவ்வொரு முறையும் அந்த நூலைப் பார்க்கும்போது சட்பரி நண்பரின் முகம் நினைவுக்கு வந்தது. உள்ளேயிருந்து ஆணியை ஏற்றி, வெளியே அலுமினியத் தட்டு வைத்து, நட்டை இறுக்க வேண்டும். முனை ரப்பர் பல்லுக்கு மேலே எட்டு, ஒன்பது மில்லிமீட்டர் நின்றால் போதும். அதற்கு மேலே போனால் ட்ராக் தளரும்போது ஆணி மேலேயுள்ள அலுமினியக் கூட்டைக் கிழிக்கும். அந்தக் கூட்டுக்குள்தான் எஞ்சினின் குளிர்நீர் ஓடுகிறது. கிழிந்தால் காட்டுக்கு நடுவில் எஞ்சின் கொதித்து நிற்கும். அதற்காகக் கூட்டின் உள்ளே பாதுகாப்புப் பட்டைகள் போட்டோம். ஆணிகளை விட அவற்றைப் பூட்டுவதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. முதல் ஓட்டத்துக்குப் பிறகு எல்லா நட்டையும் திரும்ப இறுக்கினோம். சில கால் சுற்றுக்குத் தளர்ந்திருந்தன.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு கண்டிப்பு உண்டு. வண்டியைத் தூக்கி நிறுத்தி ட்ராக்கைச் சுற்றவிடும்போது பின்னால் யாரும் நிற்கக் கூடாது, பிள்ளைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது. கழன்று பறக்கிற ஆணி துப்பாக்கிக் குண்டுக்குக் குறைந்ததல்ல. பனியில் புதைந்த வண்டியைப் பின்னாலிருந்து தூக்கி உதவுவது ட்ரெயிலில் எல்லாரும் செய்வது. ஆணி போட்ட வண்டிக்கு அந்த உதவியைக் கேட்பதில்லை. மண்வெட்டி வைத்திருக்கிறோம்.

பிறருடைய சொத்தையும் நினைக்க வேண்டும். கராஜின் சீமெந்துத் தரையில் கீறல் விழுவது என் பாடு. ட்ரெயிலில் வருகிற மரப் பாலங்கள் அப்படி இல்லை. அவற்றைப் போட்டவர்கள் ஊர்க் கழகங்களின் தொண்டர்கள், தங்கள் சனி ஞாயிறுகளைக் கொடுத்துப் போட்டவர்கள். அமெரிக்காவின் மினசோட்டாவில் தார் போட்ட பொதுப் பாதைகளில் ஆணி ட்ராக் ஓடவே கூடாது என்று சட்டம் இருக்கிறது; ஏன் என்று அந்தப் பாலப் பலகைகளைப் பார்த்தாலே விளங்கும். பாலத்தில் திரொட்டிலை மெல்லப் பிடித்து, ட்ராக் சுழலாமல் உருண்டு போனால் பலகைக்குப் பெரிய சேதமில்லை. தார் வீதியைக் கடக்கும்போது இன்னும் மெதுவாக. அங்கே ஆணியும் கார்பைட்டும் பிடிக்காது, வழுக்கத்தான் செய்யும். ஆணிச் சட்டம் இடத்துக்கு இடம் மாறுவதால், வேறு மாகாணத்துக்கோ அமெரிக்காவுக்கோ வண்டியை ஏற்றிப் போகும் முன் அங்குள்ள விதியைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

இந்த வருடம் மனைவியின் ட்ராக்கில் முனை மழுங்கிய ஆணிகளை மாற்ற வேண்டும், இரண்டு ஸ்கீக்கும் புதுக் கார்பைட் வாங்கியாகிவிட்டது. என் ட்ராக் தேய்ந்ததும், சிறிய ஆணிகளைப் பல்லிலேயே பதித்துத் தொழிற்சாலையிலிருந்து வருகிறதே, அந்த வகையை ஏரிக்கென்று இரண்டாவது ட்ராக்காக வாங்கலாமா என்று யோசிக்கிறேன். ஓட்டை போடத் தேவையில்லை, முனையும் அதிகம் நீட்டிக்கொண்டு நிற்காது. விலைதான் தயங்க வைக்கிறது. அதுவரை ஏரியில் நான்தான் முன்னால், அதற்குப் பின்னால் மனைவி. கடைசியில் வர அத்தானுக்கு இன்னும் மனமில்லை. பின்னால் வந்தால் முகமெல்லாம் எங்கள் பனி என்கிறார். அடுத்த கிழமை டிரெயிலருக்குக் காற்று அடிக்க வரும்போது மறுபடி பேச வேண்டும்.